தாழ்ப்பாள் மேலே ஏறட்டும்

காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்கும், பள்ளிக்குப் போகிறவர்கள் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு, ஒன்றரை வயதுக் குழந்தையோடு வீட்டில் தனித்திருக்கும் ஒருவருக்காக இன்று பேசுகிறேன். பெரும்பாலும் அவர் அம்மா. சில வீடுகளில் அப்பாவோ பாட்டியோ அந்த இடத்தில் இருக்கிறார்கள்.

அடுத்த எட்டு மணி நேரத்தில் அந்த வீட்டில் என்னவெல்லாமோ நடக்கும். உளுந்து டப்பா கவிழும். இட்லி மாவுக்குள் ஒரு சின்னக் கை முழங்கை வரை இறங்கும். வண்டிச் சாவி அரிசி டிரம்முக்குள் போய்விடும், கைப்பேசி குளியலறை வாளிக்குள். ஒன்றைத் துடைத்து முடிப்பதற்குள் கோலப்பொடி கூடமெங்கும் இறைந்திருக்கும். மாலையில் உள்ளே வருகிறவர் கண்ணுக்கு இவை தெரியாது, துடைத்தாயிற்று. தெரிவது குழந்தையின் நெற்றியில் இருக்கும் புடைப்பு மட்டும்தான். உடனே கேள்வி வரும்: "நீ என்ன பார்த்துக்கிட்டு இருந்தே?"

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. அதன்படி, தங்கள் வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் கவனிப்பது தனிக் கணக்கு. அதில் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76. தாளில் இவை இரண்டு வரிசைகள். வீட்டிலோ இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ரசத்துக்குத் தாளிக்கிற கை, பின்னால் நிற்கும் பிள்ளையை நகர்த்தவும் வேண்டும். கடுகு வெடிக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் ஸ்டூல் சாய்கிறது.

புறநானூற்றின் 188ஆவது பாட்டு பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குறுகுறுவென்று நடந்துவந்து, நெய்ச்சோற்றில் கைவிட்டுக் குழப்பி, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையை அரசன் மயங்கி ரசிக்கிறான். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு அது. ஆனால் சிந்திய சோற்றைத் தரையிலிருந்து வழித்தெடுத்த கைகள் அதில் இல்லை. என் அக்கறை அந்தக் கைகளைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அடுப்பில் குக்கர். மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. உள்ளேயிருந்து கதவைச் சாத்தி, அவள் உயரத்துக்கு எட்டிய தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். அதைத் திரும்பத் தள்ள அவளுக்குத் தெரியாது. சிரித்தாள், பிறகு பயந்து அழ ஆரம்பித்தாள். நான் ஜன்னல் கம்பி வழியாக அவளிடம் பாடிக்கொண்டே, நடுநடுவே பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். முன்கதவின் மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. ஓடிவந்து திறந்து, முதலில் அடுப்பை அணைத்தார், பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எனக்குக் கதவைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் உறவுக்காரர் ஒருவர் போனில் கேட்டார்: "துணி காயப்போடப் போறப்ப பிள்ளையையும் தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து, தாழ்ப்பாளைக் கழற்றிக் கதவின் மேல்பக்கத்தில் பொருத்தினார். குளியலறைக் கதவிலும் அப்படியே. அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஈரத் துணி வாளியையும் பிள்ளையையும் ஒன்றாகத் தூக்க முடியாத ஒருத்தியிடம் இன்னும் கவனமாக இரு என்று சொல்வதைவிட, அந்த நான்கு திருகாணிகள் செய்தது பெரிது.

குழந்தை குறும்புக்காக இதையெல்லாம் செய்வதில்லை. ஒரு வயதை நெருங்கும்போதே கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து மிகச் சிறிய பொருளையும் எடுக்கப் பழகிவிடுகின்றன. எடுத்ததை வாயில் வைத்துப் பார்ப்பதுதான் அந்த வயதின் அறிவு. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது. பிறக்கும்போது மொத்த நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். அதனால்தான் வாளிக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகீழாகச் சரிகிறது. திரும்ப எழும் பலம் கைகளில் இல்லை. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், மூச்சு நிற்க. அப்போது அலறலோ தண்ணீர் தெறிக்கும் சத்தமோ கேட்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

வாளியைக் காலிசெய்து கவிழ்த்து வையுங்கள் என்று சொல்வது எளிது. லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் தெருவில் அது நடக்காது. அங்கே டிரம்முக்கு இறுக்கமான மூடி வேண்டும். குளியலறைக்கு வெளிப்பக்கம், உயரத்தில், ஒரு கொக்கி வேண்டும்.

சாம்பார்ப் பாத்திரத்தைத் தரையில் இறக்கிவைத்துப் பரிமாறும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நடை பழகும் பிள்ளை இருக்கும் சில வருடங்களுக்கு மட்டும் அதை மாற்றிக்கொள்ளுங்கள். சூடு பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். டூத்பேஸ்ட், இங்க், மாவு எதுவும் பூசக் கூடாது.

ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கும் வட்டப் பேட்டரியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். காசு விழுங்கினால் மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேட்டரிக்குக் காத்திருக்கவே கூடாது. உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் அந்தச் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். ரிமோட்டின் பின்மூடி தளர்ந்திருந்தால் இப்போதே டேப் சுற்றுங்கள்.

தாத்தாவின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை தலையணை அருகே இருக்க வேண்டாம். மண்ணெண்ணெயையும் பினாயிலையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம். குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் மேலே ஏறி வரும்போது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இன்னும் கூடும். 108ஐ அழையுங்கள், குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இவ்வளவையும் பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவர் ஒருவரே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே இரண்டு கைக்கு மேல் வேலை இருக்கிறது. வெளியே போய்வருகிறவர்களிடம்தான் கேட்கிறேன். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் கூடத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். தொங்கும் அயர்ன் பாக்ஸ் வயரும் எட்டுகிற தாழ்ப்பாளும் உங்களுக்கே தெரியும். அவற்றைச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு மணி நேரம் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவரை நிம்மதியாகச் சாப்பிட விடுங்கள்.