பச்சைத் தண்ணியில தூண்டில் போட்டா மீன் மாட்டுமா?

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர், “ப்ரோ, குளத்துல உரம் போட்டா மீன் ஜாஸ்தி கிடைக்குமா?”ன்னு கேட்டிருந்தீங்க. எனக்கும் அதே சந்தேகம் வந்த இடம் எங்க சித்தப்பாவோட குட்டை. மன்னார்குடி பக்கம், ஒரு ஏக்கருக்கும் கம்மி. கட்லா, ரோகு, மிர்கால் மூணும் விட்டிருந்தார். வாராவாரம் சாணம், கூடவே சூப்பர் பாஸ்பேட். தண்ணி அப்படியே பாசிப்பயறு பாயசம் மாதிரி இருக்கும்.

நான் ஒரு நாள் முழுக்க தூண்டிலோட உட்கார்ந்தேன். தக்கை அசையவே இல்லை. சித்தப்பா சிரிச்சார். “அதுங்களுக்கு வயிறு ரொம்பியிருக்குடா. உன் புழுவை எதுக்குத் தேடி வரணும்?”

உரத்தை மீன் நேரடியா தின்னாது. அதுல இருக்கற பாஸ்பரஸ், கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசியை வளர்க்குது. அந்தப் பாசியை நுண்ணுயிர்களும் பூச்சிப் புழுக்களும் தின்னும், அதுங்களை மீன் தின்னும். அந்தப் பச்சை நிறம்தான் சாப்பாடு.

இதைத் தூண்டில்காரங்களை மனசுல வச்சு ஆராய்ஞ்சவர் ஒருத்தர் இருக்கார், ஹோமர் ஸ்விங்கிள். அமெரிக்காவுல அலபாமா மாநிலம், ஆபர்ன் ஊர். 1930-கள்ல பண்ணைக் குளங்களை வச்சு வேலையைத் தொடங்கினார். அங்க விடற மீன் புளூகில், அதைத் தின்ன லார்ஜ்மவுத் பாஸ். உரம் போட்ட குளம் பல மடங்கு அதிக எடை மீனைத் தாங்குச்சு. ஆனா அவர் சொன்னதுல எனக்குப் பிடிச்சது வேற. ஒரு குளம் இத்தனை கிலோதான் தாங்கும். அந்த எடை ஆயிரம் பொடி மீனாவும் இருக்கலாம், நூறு பெரிய மீனாவும் இருக்கலாம். உரம் கிலோவைத்தான் கூட்டும். மீன் பெருசா இருக்கணும்னா, நடுநடுவுல பிடிச்சு எடுத்துக்கிட்டே இருக்கணும். அதனால அங்க இன்னிக்கும் சொல்ற அறிவுரை: ரொம்ப மீன் பிடிக்கப் போறதில்லைன்னா உரமே போடாதீங்க.

சித்தப்பா அங்கதான் சறுக்கினார். குஞ்சும் நெருக்கமா விட்டார், வலையும் போடலை. “இன்னும் கொஞ்சம் வளரட்டும்”னு சாணத்தைக் கூட்டினார்.

போன ஐப்பசியில ரெண்டு நாள் வெயிலே இல்லை. பாசி பகல்ல ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரி அதுவே இழுத்துக்கும். வெயில் இல்லாத நாள்ல வரவு கம்மி, செலவு அதே. மூணாம் நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு சித்தப்பா போன்: “மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது.” மோட்டார் போட்டு தண்ணியை உயர பீய்ச்சி அடிச்சதுல பாதி பொழச்சுது. முதல்ல போனது பெரிய கட்லாக்கள்தான். கரையில வரிசையா கிடந்ததைப் பார்த்துட்டு சித்தப்பா அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேசலை.

அளவு எப்படித் தெரியும்? ஆபர்ன்ல கறுப்பும் வெள்ளையுமா ஒரு தட்டை கயித்துல கட்டி இறக்குவாங்க. 45-லிருந்து 60 சென்டிமீட்டர் ஆழத்துல கண்ணுக்கு மறைஞ்சா சரி. நம்ம கெண்டைக் குளத்துல இன்னும் கொஞ்சம் அடர்த்தி தாங்கும். தட்டு இல்லையா? கையை முழங்கை வரைக்கும் முக்குங்க. முழங்கை நனையறதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ளங்கை மறைஞ்சா உரத்தை நிறுத்துங்க. முழங்கை நனைஞ்ச பிறகும் விரல் பளிச்சுனு தெரிஞ்சா, கொஞ்சம் போடலாம். ஏற்கெனவே அடியில களைச்செடி மண்டியிருந்தா மட்டும் போடாதீங்க, உரம் முதல்ல அதுக்குத்தான் போகும்.

சித்தப்பா இப்போ சாணத்தைப் பாதியாக்கிட்டார். மாசம் ஒரு தடவை வலை போட்டு பெருசை எடுத்துடறார். போன வாரம் போனேன், தவிட்டு உருண்டையில ஒரு ரோகு மாட்டுச்சு. முக்கால் கிலோ. “இதுக்கு ஏன்டா நாலு மணி நேரம்?”னு கேட்டுட்டு, குழம்பு வைக்கச் சொல்லி சித்திகிட்ட கொடுத்துட்டார்.