தற்காலிகக் கிடங்கும் கோப்பின் உரிமையும்



கணிப்பொறியில் புதியதொரு மென்பொருளை நிறுவுங்கால் எச்சரிக்கை ஒன்று திரையில் தோன்றுவதை உங்களிற் சிலர் கண்டிருக்கலாம். 'இந்த அடைவு உமக்கு உரியதன்று' என்பதே அதன் சாரம். நம் பொறியிலுள்ள பொருள் நமக்கு உரியதன்று என்பது விந்தையன்றோ? அதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ், ஒரே பொறியில் பலர் பணியாற்றும் வண்ணம் வளர்ந்தது. அதன் நெறியைப் பின்பற்றும் லினக்ஸிலும் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. 0 என்னும் எண்ணைப் பெற்ற 'ரூட்' பயனருக்கு மட்டும் பெரும்பாலும் தடையில்லை.

தற்காலிகக் கோப்புகளுக்குரிய 'டெம்ப்' அடைவைச் சத்திரத்திற்கு ஒப்பிடலாம். எவரும் அங்கே மூட்டையை இறக்கலாம். ஆயினும் பிறர் மூட்டையை அகற்ற இயலாது. 'ஸ்டிக்கி பிட்' என்னும் குறி அதைக் காக்கிறது. கேஷ் என்பதோ வீட்டுக் குதிர் போன்றது. பைத்தான் மொழியின் 'பிப்' என்னும் நிறுவி, ஒருமுறை இறக்கிய பொதியை மறுமுறையும் இறக்காதிருக்க, பயனரின் இல்ல அடைவிலுள்ள கேஷில் சேமிக்கிறது.

சிக்கல் எவ்வாறு எழுகிறது? அவசரத்தில் 'சூடோ' என்னும் ஆணையை முன்னிட்டு, ரூட்டின் அதிகாரத்தோடு நிறுவுகிறோம். ஆணையிடுபவர் ரூட், சில அமைப்புகளில் இல்லமோ நம்முடையதாகவே நிற்கிறது. ரூட் எழுதும் கோப்பு ரூட்டுக்கே உரிமையாகும். பின்னர் நம் குதிரில் நாமே கைவைக்க இயலாது. ஆகவேதான் பிப், உரிமை பொருந்தாவிடில் எச்சரித்து, கேஷைத் தொடாமல் பணியைத் தொடர்கிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. சூடோவுடன் '-எச்' குறியைச் சேர்த்தால் இல்லமும் ரூட்டினுடையதாகும். அதனினும் நன்று, மெய்நிகர் சூழல் அமைத்துச் சூடோவின்றி நிறுவுதல். உரிமை மாறிய கேஷை 'சௌன்' ஆணையால் மீட்கலாம். அழித்தாலும் கேடில்லை, பொதிகளை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் சினத்தில் பொறி முழுவதையும் தம் பெயருக்கு மாற்றுவோர் உளர். ரூட்டுக்கு உரிமையாக இல்லாவிடில் சூடோவே இயங்க மறுக்கும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவர் நிலைதான் அவர்களுக்கும்!

இன்னுமொன்று: நிறுவும் பொதியில் தீய நிரல் ஒளிந்திருப்பின், நாம் அளிக்கும் அதிகாரம் அதற்கும் கிட்டும். எனவே, சூடோ எனத் தட்டுமுன் ஒரு கணம் நின்று, 'இக்கோப்பு யாருக்கு உரியதாகும்?' என வினவுங்கள். அவ்வினா உங்கள் பொறியைக் காக்கும்.