மாற்கு திரும்பி வந்த வழி
(நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றப்பட்ட உரை)



நூறு ஆண்டுகளின் நன்மைகளுக்காக இன்று கர்த்தரைத் துதிக்கிறோம். இப்படியான விழாவில் சாதனை படைத்தவர்களின் பெயர்களை நாம் மகிழ்வோடு வாசிக்கிறோம். வாசிக்கப்படாத பெயர்களும் எம்மிடையே உண்டு. விடுதி ஜெபத்தில் முன்னின்று பின்னர் ஜெபத்தையே கைவிட்டவர்கள், இடப்பெயர்விலும் இழப்பிலும் விசுவாசம் தளர்ந்தவர்கள், குடும்பம் குலைந்ததால் ஆலயத்துக்குள் வரக் கூசுகிறவர்கள். அழைப்பிதழ் கிடைத்தும், எந்த முகத்தோடு போவது என்று வராமல் விட்டவர்களும் இருக்கலாம். அவர்களை மனதிற்கொண்டு, மாற்கு என்னும் யோவானைச் சிந்திப்போம்.

மாற்கு ஜெபவீட்டுப் பிள்ளை. எருசலேமில் அவனுடைய தாய் மரியாளின் வீட்டிலேதான் விசுவாசிகள் கூடி ஜெபித்தார்கள். சிறையிலிருந்து விடுபட்ட பேதுரு வந்து தட்டியதும் அந்த வீட்டு வாசற்கதவைத்தான். பவுலும் பர்னபாவும் தங்கள் முதற் பயணத்தில் அவனை உதவிக்குக் கூட்டிச் சென்றார்கள். சீப்புரு தீவைக் கடந்து பம்பிலியாவிலுள்ள பெர்கே ஊரை அடைந்ததும், அவன் அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். ஏன் என்று வேதம் சொல்லவில்லை.

அடுத்த பயணத்துக்கும் அவனை அழைத்துச் செல்லப் பர்னபா விரும்பினார். பாதி வழியில் விட்டுப்போனவனை மறுபடியும் நம்பலாமா என்று பவுல் மறுத்தார். அதிலும் நியாயம் இருந்தது. வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். பவுல் சீலாவோடு போனார். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு, முன்பு ஊழியம் தொடங்கிய அதே சீப்புருவுக்குப் போனார்.

இந்தப் பர்னபா யார்? சீஷரைத் துன்புறுத்திய பவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது எல்லாரும் பயந்து விலகினார்கள். அன்று அவரைச் சேர்த்துக்கொண்டு, அப்போஸ்தலரிடம் அழைத்துப்போய் அவருக்காகப் பேசியவர் பர்னபாவே. தமக்குக் கிடைத்த அந்த வாய்ப்பை மாற்குவுக்குக் கொடுக்கப் பவுலுக்குக் காலம் எடுத்தது. ஆனாலும் கொடுத்தார். மாற்கு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கொலோசெயருக்கு எழுதினார். அவன் ஊழியத்துக்குப் பயனுள்ளவன், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

இரண்டாம் சுவிசேஷத்தை எழுதியவன் இந்த மாற்குவே என்பது ஆதித் திருச்சபையின் மரபு. உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷருக்குச் சொல்லும்படி கல்லறையில் பெண்களிடம் கூறப்படும்போது, மறுதலித்த பேதுருவின் பெயர் தனியாகச் சொல்லப்படுவது அந்தச் சுவிசேஷத்தில் மட்டுமே. விழுந்து எழுந்தவனுக்கு அந்த ஒரு பெயரின் அருமை தெரிந்திருக்கும்.

சகோதரிகளே, மன்னிப்பு தேவனுடைய ஈவு. ஆயினும் மன்னிக்கப்பட்டோம் என்று நம்புவதற்கு, பக்கத்தில் ஒரு பர்னபா தேவைப்படுகிறார். எம்மோடு படித்தவர்களில் பல ஆண்டுகளாகத் தொடர்பில்லாத ஒருத்தியை இந்த வாரமே தேடி அழைப்போம். என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டாம். சுகம் கேட்போம். அவள் வந்தால், பின்வாங்கில் உட்கார்த்தி வைக்காமல் அவளால் இயன்ற ஒரு பணியைக் கையில் கொடுப்போம். பர்னபா அப்படித்தான் செய்தார்.

இம்மலரைத் தூரத்திலிருந்து வாசிக்கும் சகோதரியே, பெர்கேயிலிருந்து திரும்பியதோடு மாற்குவின் கதை முடியவில்லை. உமது கதையும் முடியவில்லை. உமக்குரிய இடம் எம்மிடையே இருக்கிறது.

நூறு ஆண்டுகள் எம்மைத் தாங்கிய கர்த்தர், எம்மை மன்னித்து, மீண்டும் பயன்படுத்துவாராக. ஆமென்.