கைப்பேசி சொல்லும் வீட்டு விலை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். எங்கள் செட்டில் பலரும் வீடு வாங்குகிற, விற்கிற, பாகம் பிரிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். எனவே இணையத்தில் வரும் வீட்டு விலையை எவ்வளவு நம்பலாம் என்று பேசலாம் என நினைக்கிறேன். எண்களை வைத்து அனுமானம் செய்யும் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆகவே சமையற்கட்டிலிருந்து வந்தவன் சொல்லும் சேதியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஜில்லோ என்ற நிறுவனம் 2006 முதல் கோடிக்கணக்கான வீடுகளுக்கு விலை மதிப்பீடு வெளியிட்டு வருகிறது. தன் பிழை எவ்வளவு என்பதையும் அதுவே சொல்கிறது. விற்பனைக்கு வந்துள்ள வீட்டுக்குச் சுமார் 2 சதவீதம், வராத வீட்டுக்குச் சுமார் 7 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இது இடைநிலைப் பிழை. அதாவது பாதி வீடுகளில் பிழை இதைவிட அதிகம். விற்பனைக்கு வந்த வீட்டில் பிழை குறைவது ஏன் தெரியுமா? வீட்டுக்காரர் கேட்கும் விலையைக் கணினியும் பார்த்துக்கொள்கிறது. பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்க்கிற மாதிரிதான்!

அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்பென்சர் ராஸ்காஃப் 2016-ல் சியாட்டிலில் தம் வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். அவருடைய நிறுவனமே அந்த வீட்டுக்குச் சொன்ன மதிப்பு 17.5 லட்சம் டாலர். 2018-ல் அந்த நிறுவனம் வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. விலையைச் சரியாகக் கணிக்க முடியாமல் 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. வாங்கிய வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டி வந்தது. இத்தனைக்கும் அந்த நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் விற்ற விலை பொதுப் பதிவேட்டில் உண்மையாகவே இருக்கும்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே இணையத்தில் இரண்டு வகை விலை கிடைக்கிறது. ஒன்று, பதிவுத்துறை இணையதளத்தில் தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் இருக்கும் வழிகாட்டி மதிப்பு. இது முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்காக அரசு வைத்த அளவுகோல், சந்தை விலை அல்ல. 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் இதை 33 சதவீதம் குறைத்தார்கள். அன்று இரவே நம் வீடுகளின் விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டதா என்ன? மற்றொன்று, விளம்பரத் தளங்கள் காட்டும் விலை. அது பெரும்பாலும் விற்பவர் கேட்கிற விலை. வாங்குபவர் கொடுத்த விலை அதில் தெரியாது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். எங்கள் பூர்வீகம் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி. காப்பி, மிளகு, மலை வாழை விளையும் ஊர். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார் என்பார்கள். தாத்தா காலத்து வீட்டையும் அதை ஒட்டிய காப்பித் தோட்டத்தையும் பாகம் பிரிக்க உட்கார்ந்தோம். அத்தைக்கு அவர் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவு. எந்த விலைக்கு? வழிகாட்டி மதிப்பே போதும் என்றார் பெரியப்பா. அத்தை மகன் கைப்பேசியை நீட்டினான். அதில் நான்கு மடங்கு! ஊர் கொடைக்கானல் தாலுகாவில் இருப்பதால் அந்தத் தளம் கொடைக்கானல் டவுன் விலையைப் போட்டிருந்தது. மலைப்பாதையில் டவுனுக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "ஏப்பா, நீ இன்ஜினியர்தானே, எது நெசம்?" என்று அத்தை என்னைக் கேட்டார். ரெண்டுமே இல்லை என்றேன்.

அக்கம்பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று பார்த்தோம். பதிவுத்துறை தளத்தில் இதை இலவசமாகவே பார்க்கலாம். பத்து வருடத்தில் நடந்த கிரயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாங்கியவர்களை நேரில் போய்க் கேட்டோம். பிறகு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்துப்போனோம். அவர் ஊற்றுத் தண்ணீர் கோடையில் நிற்குமா, ஜீப் வாசல் வரை வருமா, சரிவு எப்படி, பட்டா யார் பேரில், மலைப்பகுதி விதிப்படி கட்டட அனுமதி கிடைக்குமா என்று பார்த்தார். இவை எதுவும் கைப்பேசிக்குத் தெரியாது. கடைசியில் அத்தைக்குக் கிடைத்தது அண்ணன்மார் முதலில் சொன்னதைப்போல் இரண்டரை மடங்கு. தமிழ்நாட்டில் மகளுக்குச் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் விலையைக் குறைத்துப் போட்டால் சம பங்கும் கால் பங்காகிவிடும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நண்பர்களே, கணினி தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்தில் விற்றவற்றைப் பார்த்துத்தான் சொல்லும். நூறு ஒரே மாதிரி அடுக்குமாடி வீடுகள் உள்ள இடத்தில் ஓரளவு சரியாகவே சொல்லும். இரண்டு வீடு ஒன்றுபோல இல்லாத மலையில் தடுமாறும். அதைவிடப் பெரிய குறை நம்மிடம் இருக்கிறது. கிரயப் பத்திரத்துக்கு இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சத்தைப் பத்திரத்தில் காட்டாமல் விட்டால் 90,000 ரூபாய் மிச்சம். அதனால் பலர் வழிகாட்டி மதிப்பையே கிரயத் தொகையாக எழுதுகிறார்கள். அந்தப் பொய்யைத்தான் நாளை கணினி படிக்கிறது. கணினியோடு போனாலும் பரவாயில்லை. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, இழப்பீட்டைக் கணக்கிட அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களையும் பார்க்கிறார்கள். ரோடு வரும்போது நாம் குறைத்து எழுதிய தொகை பக்கத்துத் தோட்டக்காரர் இழப்பீட்டையும் இழுத்துக் கீழே போடும்.

எனவே தம்பி தங்கைகளே, ஒரு விலையைத் திரையில் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது கேட்ட விலையா, கொடுத்த விலையா? பக்கத்தில் எத்தனை கிரயம் நடந்திருக்கிறது? நேரில் போய்ப் பார்த்தவர் யார்? விடை கிடைக்கவில்லை என்றால் அந்த எண்ணைப் பேச்சைத் தொடங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முடிக்க வைத்துக்கொள்ளாதீர்கள். நாளை நீங்கள் கிரயம் செய்யும்போது கொடுத்த தொகையை அப்படியே எழுதுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு அத்தை இருப்பார்.