எண் பழசாகுமா?

2021 ஏப்ரல் தொடக்கத்தில், இணையத் திருடர்கள் புழங்கும் தளம் ஒன்றில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்களை யாரோ இலவசமாகவே கொட்டிவிட்டுப் போனார்கள். 106 நாட்டுக்காரர்கள். அதில் இந்தியர்கள் மட்டும் சுமார் 60 லட்சம் பேர். பெயர், ஊர், சிலருடைய பிறந்த தேதி, கூடவே செல்போன் எண். நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க்கின் எண்ணும் அதில் இருந்ததாகச் செய்தி வந்தது!

இதற்காக யாரும் பூட்டை உடைக்கவில்லை. நம் செல்போனில் இருக்கும் எண்களை ஏற்றினால், அவர்களில் யார் யார் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்கள் என்று காட்டும் வசதி ஒன்று இருந்தது. நண்பர்களைத் தேடிப் பிடிப்பதற்காக வைத்தது. திருடர்களோ கணினியை வைத்து எண்களைத் தாமே உண்டாக்கி, மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். எந்த எண் யாருடையது என்று ஃபேஸ்புக்கே எடுத்துக் கொடுத்தது. எண்ணைத் தம் பக்கத்தில் மறைத்து வைத்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 'எண்ணை வைத்து உங்களை யார் தேடலாம்' என்ற அமைப்பில் 'எல்லோரும்' என்பதை நிறுவனமே குறித்து வைத்திருந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இது பழைய தகவல், 2019 ஆகஸ்டிலேயே சரிசெய்துவிட்டோம் என்றது நிறுவனம். இது என்ன சமாதானம்? கடவுச்சொல்லை உட்கார்ந்த இடத்தில் மாற்றிவிடலாம். எண்ணை மாற்ற முடியுமா? வங்கி, ஆதார், கேஸ் சிலிண்டர், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரே எண்ணில்தானே தொங்குகின்றன! அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் அந்தச் சமாதானத்தோடு விடவில்லை. 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது.

ட்விட்டர் செய்தது வேறு ரகம். கணக்கின் பாதுகாப்புக்கு என்று கேட்டு வாங்கிய எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. அதற்கு 2022 மே மாதம் அமெரிக்காவில் 15 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. திருட்டுப் போனால்தான் ஆபத்து என்றில்லை, பாருங்கள்.

ஆகவே, நாளைக்கு ஒருவர் உங்கள் பெயரையும் ஊரையும் சரியாகச் சொல்லி, "சார், பேங்க்ல இருந்து பேசறோம்" என்றால், விவரம் தெரிந்தவராயிற்றே என்று நம்பிவிடாதீர்கள். ஓடிபி கேட்டால் பேச்சே வேண்டாம், வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இன்றைக்கே ஃபேஸ்புக்கில், எண்ணை வைத்து உங்களை யார் தேடலாம் என்ற அந்த அமைப்பைத் தேடி, 'நான் மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய போனிலும் மாற்றிக் கொடுங்கள்.