பத்து நாழிகைக் காவல்

மாத்தளைக்குச் செல்லும் புகையிரதத்தின் ஓசையைக் கொண்டே பொழுதறியும் மலைநாட்டு வத்தேகமவாசிகளாகிய எங்களுக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் வினவக்கூடும். மவுண்ட்பேட்டன் பிரபு என்னும் கடற்படைத் தளபதி, 1944ஆம் ஆண்டில், அலையோசை எட்டாத பேராதனைப் பூந்தோட்டத்தைத் தலைமையகமாகக் கொண்டிருந்தே தென்கிழக்காசிய யுத்தத்தை நடத்தினார் என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

எங்கள் கடைவீதியிற் பிறந்து, இளமையிலே கடற்படையிற் சேர்ந்து, 'கஜபாகு' என்னும் போர்க்கப்பலிற் பல வருஷங்கள் ஊழியம் புரிந்த முதியவர் ஒருவர் என் அயலவர். அவர் சேர்ந்த இலங்கைக் கடற்படை 1950ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி உதயமாயிற்று. 1957 ஒக்டோபரில் திருக்கோணமலைத் தளம் பிரித்தானியர் கையிலிருந்து நம்மவர் கைக்கு வந்தது. கனடாவிற் கட்டப்பட்டு உலக மகாயுத்தத்திற் சேவை செய்த பழைய நீராவிக் கப்பலாகிய கஜபாகு அதன் பின்னரே நம் கொடியின் கீழ் வந்தது. "போரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று நான் கேட்கும்போதெல்லாம் அவர் துருவைப் பற்றியே பேசுவார்.

உப்புக் காற்று ஓய்வதில்லை. ஆகவே துருவும் ஓய்வதில்லை. சுத்தியலால் தட்டி, சுரண்டி, காப்பு வர்ணம் பூசி, அதன்மேற் சாம்பல் நிறம் தீட்டிக்கொண்டே முன்முனையிலிருந்து பின்முனைக்கு வந்து சேரும்போது, முன்முனையில் மறுபடியும் துரு தலைகாட்டியிருக்கும். விடியலிற் கடல்நீர் வார்த்து மேற்றளத்தைத் தேய்த்துக் கழுவுவதும், துறைமுகத்தில் நிற்கும் நாட்களிற் காலை எட்டு மணிக்குக் கொடியேற்றுவதும், இயந்திர அறையின் உஷ்ணத்திற் கொதிகலன்களின் நீர்மட்டத்தைக் கண்ணிமையாது நோக்கியிருப்பதும், ஆடுகின்ற அடுப்பின்மேற் சோற்றுப் பானை சரியாதபடி கம்பியிட்டுத் தடுத்துச் சமைப்பதுமாகவே அந்தப் போர்க்கப்பலின் நாட்கள் பெரும்பாலும் கழிந்தன.

ஆனால் அவர் சொல்லியவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது காவல் முறையே. என் பாலியம் தோட்டத்து லயத்திற் கழிந்தது. விடியுமுன் தப்புப் பறை ஒலித்ததும், ஆட்கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அனைவரும் ஒருங்கே நிற்க வேண்டும். இரவானால் அனைவரும் ஒருங்கே உறங்கலாம். கப்பலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் முன்னோர் ஏழரை நாழிகையை ஒரு யாமம் என்றார்கள். கப்பலோ பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம், கொண்ட காவல்களாக நாளை வகுக்கிறது. அரை மணிக்கொரு முறை, ஒன்று, இரண்டு என்று ஏறிச்செல்லும் மணியோசை எட்டை எட்டினால் ஒரு காவல் முடிந்ததென்று பொருள். ஊழியர் மூன்று பிரிவினராக மாறி மாறி நிற்கும் கப்பலில், நாளுக்கு ஆறு காவல்களே இருக்குமானால், நள்ளிரவு முதல் நாலு மணி வரை விழித்திருக்கும் கஷ்டம் என்றென்றும் ஒரே பிரிவினர் தலையில் விழும். ஆதலால் மாலை நாலு முதல் எட்டு வரையுள்ள காவலை இரண்டாகப் பிளந்து, ஏழு காவல்களாக்கி, முறை நாள்தோறும் நகரும்படி செய்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாராயினும் அவர் நீதிமான் என்றே நான் கருதுகிறேன்.

நள்ளிரவுக் காவலருக்குக் கட்டிக் கொக்கோவைச் சீவி வெந்நீரிற் கரைத்துக் கொடுப்பது பிரித்தானியக் கடற்படையின் பழைய வழக்கம் என்று அவர் சொன்னபோது, எங்கள் மலைச்சரிவுகளில் நிழல் மரங்களின் கீழே காய்த்துத் தொங்கும் கொக்கோவைப் புதிய அன்போடு பார்க்கலானேன்.

மாற்றாள் வந்து பொறுப்பை ஏற்கும் வரையில், நேரம் கடந்துவிட்டாலும், காவல் நிற்பவர் இடத்தை விட்டு அசையலாகாது. இருளுக்குக் கண் பழகக் கால்மணிக்கு மேல் செல்லுமாதலால், வரவேண்டியவர் முன்னதாகவே மேலே வந்துவிட வேண்டும். ஒரு மழையிரவில் நம் முதியவர் அயர்ந்துறங்கிப் பத்து நிமிஷம் பிந்தி ஏறினாராம். அவருக்காக நனைந்து நின்ற சிங்களத் தோழர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கப்பல் செல்லும் திசையைச் சொன்னார். இடப்புறத்தில் தூரத்தே மினுங்கிய மீன்பிடி வள்ளத்தின் விளக்கைக் காட்டினார். அது நெருங்குகிறதா, விலகுகிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி கூறி, தம் மழையங்கியைக் கழற்றி இவர் தோளிற் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"அந்த விளக்கு மறையும் வரையில் நான் அதைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை" என்றார் முதியவர்.