மலிவு விலையும் மறைந்திருக்கும் செலவும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே பி.காம். முடித்து, பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். கூடவே ஓர் இங்க்ஜெட் பிரிண்டரும் வாங்கினேன். ‘அட, இவ்வளவு சீப்பா!’ என்று பூரித்துப் போனேன். மை தீர்ந்து புது கார்ட்ரிட்ஜ் வாங்கப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. மூன்று கார்ட்ரிட்ஜ் வாங்கினால் பிரிண்டர் விலை வந்துவிடும்! லாபம் பிரிண்டரில் இல்லை, மையில் இருக்கிறது.

‘இதை நாமும் செய்தால் என்ன?’ என்று தோன்றியது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம். நோட்டுகளை வாங்கிய விலைக்கும் குறைத்து விற்றேன். நோட்டு வாங்க வருகிறவர்கள் ஜெராக்ஸும் எடுப்பார்கள் என்பது என் கணக்கு. கூட்டம் அலைமோதியது. நோட்டை என்னிடம் வாங்கினார்கள். ஜெராக்ஸைத் தங்கள் தெருவிலேயே எடுத்துக்கொண்டார்கள்! அந்த நஷ்டத்தில் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று.

தவறு எங்கே? அந்தப் பிரிண்டருக்கு அந்த கார்ட்ரிட்ஜ்தான் பொருந்தும். நோட்டு வாங்கியவர் மறுபடி என்னிடம் வரவேண்டிய கட்டாயம் எதுவுமில்லையே!

ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதித்தார் ஜில்லெட் என்பார்கள். உண்மை வேறு. காப்புரிமை இருந்த காலத்தில் அவருடைய ரேசர் விலை 5 டாலர். அன்று அது பெரிய தொகை. 1921-ல் காப்புரிமை முடிந்தபோதுதான் பழைய மாடலை 1 டாலருக்கு இறக்கினார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் கை சுடும். 2006-ல் சோனி, பிளேஸ்டேஷன் 3 கருவியை அடக்க விலைக்கும் கீழே விற்றது. கேம் விற்பனையில் ஈடுகட்டலாம் என்று நம்பியது. ஆனால் அந்த ஆண்டு அந்தப் பிரிவுக்குப் பெரும் நஷ்டம்.

வாங்குகிறவரும் சும்மா இருக்கமாட்டார். இந்தோனேசியக் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மைப் புட்டிகளை வைத்து, டியூப் வழியாக மை ஓடவிட்டார்கள். கடைசியில் 2010-ல் எப்சன் நிறுவனமே மைத்தொட்டி வைத்த பிரிண்டரை அங்கே அறிமுகப்படுத்தியது. பிரிண்டர் விலை கூடுதல், மை மலிவு.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, பொருள் வாங்கும்போது ‘என்ன விலை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘வருஷத்துக்கு என்ன செலவு?’ என்றும் கேளுங்கள். நஷ்டத்துக்கு விற்க நினைத்தால், ‘இவர் திரும்ப என்னிடம் ஏன் வரவேண்டும்?’ என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் வளையல் பத்திரம்!